அரசனின் போர் மக்களின் போரானது எப்படி?

1793 ஆகஸ்ட் 23 அன்று பாரிஸில், கன்வென்ஷன் என்று அழைக்கப்பட்ட பிரெஞ்சுப் பேரவை ஓர் ஆணையை நிறைவேற்றியது. குடியரசின் மண்ணிலிருந்து கடைசிப் பகைவனும் விரட்டப்படும் வரை பிரெஞ்சுக்காரர் அனைவரும் படைச் சேவைக்குக் கடமைப்பட்டவர்கள் என்று அது அறிவித்தது. இளைஞர்கள் களத்துக்குப் போக வேண்டும். மணமானவர்கள் ஆயுதம் வடிக்க வேண்டும், உணவுப் பொருள்களைக் கொண்டு சேர்க்க வேண்டும். பெண்கள் கூடாரமும் உடையும் தைக்க வேண்டும், மருத்துவமனைகளில் பணிபுரிய வேண்டும். சிறுவர்களுக்குப் பழந்துணியைப் பிரித்துக் காயங்களுக்கு வைத்துக் கட்டும் திரி செய்யும் வேலை. நடக்க முடியாத முதியவர்களையும் ஆணை விட்டுவைக்கவில்லை. அவர்களைப் பொதுச் சதுக்கங்களுக்குத் தூக்கி வர வேண்டும். அங்கே உட்கார்ந்து வீரர்களுக்குத் துணிவையும் மன்னர்கள்மீது வெறுப்பையும் அவர்கள் ஊட்ட வேண்டும்.

வரலாற்று நூல்களில் இதை 'லெவே ஆன் மாஸ்' என்பார்கள். தமிழில் பெருந்திரள் படைதிரட்டல் எனலாம். இன்று ஒரு நாடு போரில் இறங்கினால் ஆலை, பள்ளி, வயல், செய்தித்தாள் என்று எல்லாமே அதற்குள் இழுக்கப்படுவது நமக்கு வியப்பாக இல்லை. 1793-இல் அது கேள்விப்படாத செய்தி. அப்படி ஒன்றை ஓர் அரசு ஏன் கேட்டது, மக்கள் ஏன் கொடுத்தார்கள், கொடுக்க மறுத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முந்தைய போர்கள்

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் போர் என்பது மன்னர்களின் குடும்ப வழக்கு போன்றது. ஒரு மாகாணத்துக்கோ ஒரு வாரிசுரிமைக்கோ சண்டை நடக்கும், ஒப்பந்தத்தில் முடியும். குடியானவன் வரி கட்டுவான், படை தன் ஊர் வழியாகப் போகாமலிருக்க வேண்டிக்கொள்வான். அவனுடைய பங்கு அவ்வளவுதான்.

படைவீரர்கள் நீண்டகாலச் சம்பளக்காரர்கள். பிரெஞ்சு மன்னரின் படையிலேயே சுவிஸ், ஜெர்மன், ஐரிஷ் படைப்பிரிவுகள் இருந்தன. வறுமைக்கு அஞ்சிச் சேர்ந்தவனைப் பிரம்படிக்கு அஞ்ச வைத்து நிறுத்தியிருந்தார்கள். கொஞ்சம் கண்ணயர்ந்தால் ஓடிவிடுவான் என்பதால், காட்டோரம் கூடாரமடிப்பதையும் இரவில் நடத்திச் செல்வதையும் தளபதிகள் தவிர்த்தனர். இத்தகைய வீரனைப் பழக்க ஆண்டுக்கணக்காகும், செலவும் அதிகம். எனவே அவனை எளிதில் பலிகொடுக்க எந்த அரசனுக்கும் மனம் வராது. பெரும் மோதல்கள் குறைவாகவும் முற்றுகைகள் மிகுதியாகவும் இருந்ததற்கு இரக்கத்தைவிடக் கருவூலக் கணக்கே முக்கியக் காரணம்.

அதிகாரிகளோ பிரபுக்கள். 1781-இல் பிரான்சில் வந்த ஒரு விதி, நான்கு தலைமுறைப் பிரபு வம்சத்தை நிரூபித்தால்தான் நேரடியாக அதிகாரியாகலாம் என்றது. திறமை இருந்தும் அடிமட்டத்திலேயே தேங்கிக் கிடந்த சார்ஜண்ட்கள் இந்த விதியை மறக்கவில்லை.

இந்தப் படைக்கும் போர்களுக்கும் ஆன செலவுதான் முடியாட்சியைக் கவிழ்த்தது. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டனுக்கு எதிராகப் பிரான்ஸ் வாரி இறைத்தது. 1788 வாக்கில் அரசுச் செலவில் ஏறத்தாழப் பாதி கடனை அடைக்கவே போயிற்று. புதிய வரிக்கு ஒப்புதல் பெற 1789 மே மாதம் மன்னர் பதினாறாம் லூயி பாதிரிமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று வகுப்பாரின் பேரவையைக் கூட்டினார். வரி கேட்கக் கூட்டிய சபை அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்துவிட்டது.

துப்பாக்கி கை மாறுகிறது

ஜூலை 14 அன்று பாஸ்டில் கோட்டையைத் தாக்கிய கூட்டத்தோடு, மன்னரின் 'பிரெஞ்சுக் காவலர்' படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள் பீரங்கிகளுடன் வந்து சேர்ந்தார்கள். கோட்டை விழுந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். புரட்சி என்றாலே வெறுங்கையோடு வந்த மக்கள் வென்றதாகச் சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. அரசின் ஆயுதம் ஏந்தியவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதே பல புரட்சிகளின் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

ஆகஸ்ட் 26-இல் மனித, குடிமக்கள் உரிமைப் பிரகடனம் வந்தது. அதன் பன்னிரண்டாம் பிரிவு படையைப் பற்றியது: அது அனைவரின் நன்மைக்காக அமைந்தது, அதை நடத்துவோரின் தனிப்பட்ட பயனுக்காக அன்று. இந்தக் கோட்பாட்டின் மறுபக்கம் உடனே யாருக்கும் தெரியவில்லை. படை எல்லோருக்கும் உரியது என்றால், படைக்கு எல்லோரும் உரியவர்கள் என்று ஒருநாள் யாராவது சொல்லத்தானே செய்வார்கள்?

இதற்கிடையே பிரபு வம்ச அதிகாரிகள் நாட்டைவிட்டு வெளியேறத் தொடங்கினர். 1791 ஜூனில் மன்னரே குடும்பத்தோடு தப்பியோடி வாரென் என்ற ஊரில் பிடிபட்டார். அதன்பின் அந்த ஓட்டம் வேகமெடுத்தது. 1792 முடிவதற்குள் பழைய அதிகாரிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் போய்விட்டிருந்தனர்.

எல்லோரும் விரும்பிய போர்

1792 ஏப்ரல் 20 அன்று ஆஸ்திரிய மன்னர்மீது பிரான்ஸ் போர் அறிவித்தது. தொடங்கியது பிரான்ஸ்தான் என்பதைத் தொடக்க வாசகர்கள் பலர் கவனிப்பதில்லை. ஆஸ்திரியாவும் வட ஜெர்மன் அரசான பிரஷ்யாவும் முந்தைய ஆண்டே பில்நிட்ஸில் மிரட்டல் அறிக்கை விட்டிருந்தன என்பது உண்மை. ஆனால் பாரிஸில் ஒவ்வொரு கட்சிக்கும் போரில் ஒரு கணக்கு இருந்தது. போரில் தோற்றால் அந்நியப் படைகள் வந்து தம்மை மீட்கும் என்று அரண்மனை எண்ணியது. போர் வந்தால் துரோகிகளின் முகத்திரை கிழியும் என்றார் பேரவை உறுப்பினர் பிரிஸ்ஸோ. ஐரோப்பிய மக்களுக்கெல்லாம் விடுதலையைக் கொண்டு செல்லலாம் என்ற கனவும் அவருடைய அணிக்கு இருந்தது. எதிர்த்தவர்களில் முக்கியமானவர் புரட்சித் தலைவர்களில் ஒருவரான ரோபஸ்பியர். ஆயுதம் தாங்கி வரும் மதபோதகர்களை யாரும் விரும்புவதில்லை என்று அவர் எச்சரித்தார். பின்னாளில் பயங்கர ஆட்சி எனப்பட்ட 1793–94 அடக்குமுறையின் முகமாக நினைக்கப்பட்டவர், போருக்கு முந்தைய அந்தக் குளிர்காலத்தில் மற்றவர்களைவிடத் தெளிவாகப் பேசினார். அவர் சொன்னதை அப்போது சிலரே கேட்டார்கள்.

தொடக்கம் படுதோல்வி. எல்லையில் ஆஸ்திரியரைக் கண்டு சிதறிய படையினர், தங்கள் தளபதி டில்லோனே துரோகி என்று ஐயுற்று லீல் நகரில் அவரைக் கொன்றனர். பாரிஸுக்கு ஏதேனும் தீங்கு நேர்ந்தால் நகரையே அழிப்போம் என்று எதிர்ப்படையின் தளபதி பிரன்ஸ்விக் கோமகன் பெயரில் ஓர் அறிக்கை வந்தது. பயமுறுத்த எழுதிய அறிக்கை எரியும் தீயில் எண்ணெயாயிற்று. ஆகஸ்ட் 10 அன்று பாரிஸ் மக்களும் மார்செய் முதலிய ஊர்களிலிருந்து வந்த தொண்டர்களும் அரண்மனையைத் தாக்கினர். சுவிஸ் காவலர் நூற்றுக்கணக்கில் மாண்டனர். முடியாட்சி நடைமுறையில் முடிந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் வெர்தன் கோட்டை வீழ்ந்த செய்தியோடு பீதி உச்சத்துக்குப் போனது. உள்ளிருந்து துரோகம் செய்வார்கள் என்ற வதந்தியில், பாரிஸ் சிறைகளில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் சில நாள்களில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அரசியலோடு தொடர்பே இல்லாத சாதாரணக் குற்றவாளிகள்.

செப்டம்பர் 20 அன்று வால்மி என்ற சிற்றூரில் பிரெஞ்சுப் படை பிரஷ்யப் படையை எதிர்கொண்டது. அங்கு நடந்தது பெரும்பாலும் பீரங்கிச் சண்டை. இரு தரப்பிலும் சேர்த்துச் சில நூறு பேரே விழுந்தனர். மழையாலும் வயிற்றுக்கடுப்பாலும் நொந்திருந்த பிரஷ்யர்கள் பின்வாங்கினர். மறுநாள் கன்வென்ஷன் முடியாட்சியை ஒழித்தது. செருப்புத் தைப்பவர்களும் தையல்காரர்களும் ஐரோப்பாவின் சிறந்த படையை விரட்டினார்கள் என்று பிறகு கதை வளர்ந்தது. தொண்டர்கள் அங்கே நின்றது உண்மைதான். ஆனால் அன்று வேலை செய்தவை பழைய அரசப் படையின் பீரங்கிகள்; அவற்றை இயக்கியவர்கள் அரசர் காலத்தில் பயிற்சி பெற்றவர்கள். புரட்சிப் படையின் வெற்றிகளை உற்சாகத்தின் கணக்கில் மட்டும் எழுதுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

மூன்று லட்சம் பேர் வேண்டும்

1793 ஜனவரி 21 அன்று மன்னரின் தலை கில்லட்டினில் விழுந்தது. மார்ச் மாதத்துக்குள் பிரிட்டன், டச்சுக் குடியரசு, ஸ்பெயின் என்று எதிரிகளின் பட்டியல் நீண்டது. முந்தைய ஆண்டின் தொண்டர்களோ ஒரு பருவத்துக்கு மட்டும் சேர்ந்தவர்கள். அறுவடைக்கும் குடும்பத்துக்கும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். தானாக வருபவர்களை நம்பிப் போர் நடத்த முடியாது என்ற நிலையில், பிப்ரவரி 24 அன்று மூன்று லட்சம் பேரைத் திரட்ட கன்வென்ஷன் ஆணையிட்டது. 18 முதல் 40 வயது வரையிலான மணமாகாத ஆண்களிலிருந்து ஒவ்வோர் ஊரும் தன் பங்கைக் கொடுக்க வேண்டும். ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை ஊரே முடிவு செய்யலாம். பணமிருப்பவர் தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாம்.

இந்தக் கடைசி இரண்டு விதிகளும் ஊர்ப்பகைகளுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டன. வேண்டாதவனைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள், காசுள்ளவன் தப்பினான், புரட்சி அரசின் உள்ளூர் அலுவலர்களுக்கு விலக்கு கிடைத்தது.

மேற்குப் பிரான்சின் வான்தே பகுதியில் இது வெடித்தது. அங்கே ஏற்கெனவே மனக்கசப்பு முற்றியிருந்தது. திருச்சபையை அரசின் கீழ் கொண்டுவந்த 1790 சட்டத்தை ஏற்காத பாதிரிமாரைத் துரத்தியிருந்தார்கள். திருச்சபை நிலங்களை நகரத்துப் பணக்காரர்கள் வாங்கியிருந்தார்கள். இப்போது அதே நகரத்தார் வந்து பிள்ளைகளையும் கேட்டார்கள். மார்ச்சில் குடியானவர்கள் எழுந்தனர். ஊர் ஊராகச் சென்று பொருள் விற்று வந்த கத்தலினோ, வேட்டைக்காட்டுக் காவலரான ஸ்தோப்ளே போன்றோர் முதல் தலைவர்கள் ஆனார்கள். பிரபுக்கள் பிறகுதான் சேர்ந்தார்கள், சிலர் தயக்கத்தோடு. மக்களுக்காக வந்த புரட்சியை எதிர்த்து மக்களே எழுந்தது பாரிஸுக்குப் புரியவில்லை. சதி என்றே அது நினைத்தது. 1794-இன் தொடக்கத்தில் தளபதி துரோ அனுப்பிய படைகள் ஊர்களை எரித்து, கண்ணில் பட்டவர்களைக் கொன்றுகொண்டே போயின. நாந்த் நகரில் கைதிகளைப் படகுகளில் ஏற்றி லுவார் ஆற்றில் மூழ்கடித்தார்கள். வான்தேயில் மாண்டவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது. பாரிஸ் கில்லட்டினைப் பற்றி எழுதப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இந்தக் கிராமங்களைப் பற்றி எழுதப்படவில்லை என்பது என் குறை.

ஏப்ரலில் வால்மியின் நாயகனான தளபதி டூமூரியே ஆஸ்திரியர் பக்கம் ஓடிவிட்டார். பொதுப் பாதுகாப்புக் குழு என்ற சிறிய அதிகார மையம் அமைந்தது. கோடையில் லியோன், மார்செய் நகரங்கள் பாரிஸுக்கு எதிராகக் கிளம்பின. ஆகஸ்ட் முடிவில் தூலோன் துறைமுகம் பிரிட்டிஷ் கப்பற்படையை உள்ளே விட்டது. ஆகஸ்ட் 23 ஆணை பிறந்தது, தூலோன் கைவிட்டுப் போகச் சில நாள்களுக்கு முன், இந்த நெருக்கடியில்தான்.

ஆணை எப்படி நடைமுறைக்கு வந்தது?

முதலில் களத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் 18 முதல் 25 வயது வரையிலான மணமாகாதவர்களும் பிள்ளையில்லாத மனைவியிழந்தவர்களும். இம்முறை பதிலாள் அனுப்ப வழியில்லை. குலுக்கல் இல்லை, ஊர் வாக்கெடுப்பும் இல்லை. வயது ஒன்றே அளவுகோல். பிப்ரவரி ஆணையைவிட இது கடுமையானது, ஆனால் நியாயமானது. மக்கள் ஓரளவு இதை ஏற்றுக்கொண்டதற்கு அந்த நியாயமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டுப் பண்ணையார் மகனும் கூடவே நடந்து போனான். அடுத்த ஆண்டில் ஏறத்தாழ ஏழரை லட்சம் பேர் பிரான்சின் படைகளில் இருந்தனர். அதுவரை ஐரோப்பாவில் எந்த அரசும் இவ்வளவு பெரிய படையை ஒரே நேரத்தில் நிறுத்தியதில்லை.

ஆள் சேர்ப்பது எளிது; படையாக்குவது கடினம். துப்பாக்கி பிடிக்கத் தெரியாதவர்களை என்ன செய்வது? பாலில் உறைமோர் விடுவதுபோல, பழைய அரசப் படையின் ஒரு பட்டாலியனோடு இரண்டு தொண்டர் பட்டாலியன்களைச் சேர்த்துப் புதிய அலகுகளை அமைத்தார்கள். புதியவனுக்குப் பழையவனிடமிருந்து பயிற்சி கிடைத்தது. பழையவனுக்குப் புதியவனிடமிருந்து அரசியல் தொற்றியது. நீண்ட மெல்லிய வரிசையில் அசையாமல் நிற்கப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். அதற்கு நேரமில்லாததால், முன்னே சிதறி நின்று சுடும் வீரர்களையும் அவர்களுக்குப் பின்னால் நெருக்கமான அணியாகப் பாயும் கூட்டத்தையும் கலந்து பயன்படுத்தினார்கள். பிரம்படியால் நிறுத்தப்பட்டவனை இப்படிச் சிதறி நிற்க விட முடியாது, காட்டுக்குள் மறைந்துவிடுவான்.

போர்த்திட்டங்களைப் பொறியாளரான கார்னோ பார்த்துக்கொண்டார். தளவாடப் பொறுப்பு கோத்-தோர் பிரியூரிடம் இருந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பாரிஸின் பூங்காக்களில் திறந்தவெளிக் கொல்லுலைகள் எரிந்தன. நாளொன்றுக்கு ஆயிரம் துப்பாக்கி என்பது இலக்கு. அதை எட்டவில்லை என்றாலும், எந்த அரசும் அதுவரை நினைத்துப் பார்க்காத வேகம் அது. கோயில் மணிகள் பீரங்கிகளாக உருகின. வெடிமருந்துக்கு வெடியுப்பு தேவை; அதை இந்தியாவிலிருந்து கொண்டுவரும் கடல்வழி பிரிட்டிஷ் கப்பற்படையால் அடைபட்டிருந்தது. எனவே வீட்டு நிலவறைகளிலும் தொழுவங்களிலும் மண்ணைச் சுரண்டிக் கழுவி உப்பெடுக்க மக்களுக்குச் சொல்லப்பட்டது. மாவட்டந்தோறும் ஆட்களைப் பாரிஸுக்கு வரவழைத்து, மோன்ஜ், பெர்த்தொல்லே போன்ற அறிவியலாளர்கள் சில வாரங்களில் வெடியுப்பும் பீரங்கியும் செய்யக் கற்றுக்கொடுத்தனர். 1794 ஜூன் 26 அன்று ஃப்ளெரூஸ் போரில் பிரெஞ்சுக்காரர்கள் பலூனில் ஏறி எதிரியின் நடமாட்டத்தைப் பார்த்தார்கள். அந்த வெற்றி பெல்ஜியத்தைத் திறந்துவிட்டது.

மேலே ஏறும் வழியும் திறந்தது. அரச லாயத்தில் வேலை செய்தவரின் மகனான ஓஷ் இருபத்தைந்து வயதில் தளபதி ஆனார். துணி வியாபாரம் செய்துகொண்டிருந்த ஜூர்தான்தான் ஃப்ளெரூஸில் வென்றவர். இந்த ஏற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு: தோற்ற தளபதி பழையபடி ஓய்வுக்குப் போக முடியாது. குஸ்தினும் ஊஷாரும் சில மாத இடைவெளியில் கில்லட்டினுக்குப் போனார்கள். ஊஷார் வென்றவரும்கூட, பின்தொடர்ந்து அழிக்கவில்லை என்பது அவர்மீதான குற்றங்களில் ஒன்று.

ஏழரை லட்சம் பேருக்கு ரொட்டி வேண்டும். அதற்கு விலைக்கட்டுப்பாடு, தானியப் பறிமுதல், பதுக்கினால் தண்டனை. பயங்கர ஆட்சியில் முறையான தீர்ப்பின் பேரில் ஏறத்தாழ 17,000 பேர் கொல்லப்பட்டனர். போர் நெருக்கடி இல்லாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. போர் நெருக்கடியே இதை நியாயப்படுத்திவிடும் என்பாரும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. ஃப்ளெரூஸ் வெற்றிக்கு முன்பே பல முனைகளில் ஆபத்து தணிந்துவிட்டது. பாரிஸில் கில்லட்டினோ அந்தக் கோடையில்தான் மிக வேகமாக இயங்கியது. வெற்றிக்கு ஒரு மாதம் கழித்து ரோபஸ்பியரே அதில் ஏற்றப்பட்டார்.

யாருடைய குடியுரிமை?

ஆயுதம் ஏந்துபவனே குடிமகன் என்று சொன்னால், ஆயுதம் கேட்டவர்கள் எல்லோருக்கும் குடியுரிமை உண்டா? 1792 மார்ச்சில் போலின் லெயோன் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பாரிஸ் பெண்களின் கையெழுத்தோடு பேரவைக்கு வந்து, ஆயுதப் பயிற்சி பெறும் உரிமையைக் கேட்டார். கிடைக்கவில்லை. 1793 ஏப்ரலில் படையிலிருந்த பெண்களை வெளியேற்ற ஆணை வந்தது. அக்டோபரில் பெண்கள் சங்கங்களே தடை செய்யப்பட்டன. கூடாரம் தைக்கும் கடமை மட்டும் அப்படியே இருந்தது.

கரீபியத் தீவு ஒன்றின் மேற்குப் பகுதியில் இருந்த பிரெஞ்சுக் குடியேற்றமான செந்தொமேங்கில் (இன்றைய ஹெய்ட்டி) வேறு விதமாக நடந்தது. அங்கே 1791 ஆகஸ்டிலேயே அடிமைகள் எழுந்துவிட்டனர். ஸ்பானிய, பிரிட்டிஷ் படைகள் நெருங்கியபோது, பிரெஞ்சு ஆணையர் சொந்தோனாக்ஸ் குடியரசுக்காகப் போரிடும் அடிமைகளுக்கு விடுதலை தருவதாகச் சொன்னார். பிறகு 1793 ஆகஸ்ட் 29 அன்று வட மாகாணத்தில் அடிமைமுறையையே ஒழித்தார். பாரிஸில் ஆணை வந்து ஆறு நாள்கள்தான் ஆகியிருந்தன. இரண்டு செய்திகளும் கடலில் ஒன்றையொன்று கடந்திருக்கும். 1794 பிப்ரவரி 4 அன்று கன்வென்ஷன் எல்லாக் குடியேற்றங்களிலும் அடிமைமுறையை நீக்கியது. நெப்போலியன் 1802-இல் படையனுப்பி அதைத் திரும்பக் கொண்டுவர முயன்றபோது, துப்பாக்கி ஏந்திப் பழகியிருந்த அந்த மக்கள் விடவில்லை. 1804 ஜனவரி 1 அன்று ஹெய்ட்டி தனி நாடானது.

விதிவிலக்கு வழக்கமாகிறது

ஆணையின் முதல் வரியில் ஒரு காலவரம்பு இருந்தது: பகைவர்கள் விரட்டப்படும் வரை. 1794-இன் இறுதியில் பகைவர்கள் விரட்டப்பட்டுவிட்டார்கள். படை கலையவில்லை. இவ்வளவு பெரிய படையை வீட்டில் வைத்துச் சோறு போட அரசிடம் பணமில்லை. வெளியே அனுப்பினால் போகுமிடத்தில் உண்ணும். 1795 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாமில் நுழைந்து டச்சுக்காரர்களை 'விடுவித்த' பிரான்ஸ், அதற்காக அவர்களிடம் பத்துக் கோடி கில்டர் கேட்டது. ஆயுதம் தாங்கிய மதபோதகர்கள் கட்டணமும் வசூலித்தார்கள்.

இந்த அலை நம் கடற்கரைக்கும் வந்தது. புதுச்சேரியை 1793-லேயே பிரிட்டிஷார் பிடித்திருந்தனர். டச்சு ஆட்சித்தலைவர் இங்கிலாந்துக்கு ஓடி, தம் குடியேற்றங்களைப் பிரிட்டனிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கடிதங்கள் எழுதினார். 1795-இல் திருகோணமலையும் யாழ்ப்பாணமும், 1796 பிப்ரவரியில் கொழும்பும் கைமாறின. இலங்கையில் பிரிட்டிஷ் ஆட்சி தொடங்கியதற்கு உடனடிக் காரணம் பாரிஸில் நடந்த புரட்சி.

1798 செப்டம்பரில் ஜூர்தான் முன்னின்று கொண்டுவந்த சட்டம், நெருக்கடிக்கால ஏற்பாட்டை நிரந்தரமாக்கியது. ஒவ்வொரு பிரெஞ்சுக்காரனும் போர்வீரன் என்றது அது. 20 முதல் 25 வயது வரை எல்லோர் பெயரும் பதிவேட்டில் ஏறியது. நெப்போலியனுக்குக் கிடைத்த பரிசு இந்தப் பதிவேடுதான். பதிலாள் அனுப்பும் வழியும் மீண்டும் வந்தது. நியாயம் போயிற்று, கட்டாயம் நின்றது. படைக்குத் தப்ப இளைஞர்கள் அவசரமாக மணம் செய்துகொண்டார்கள். சிலர் தோட்டா உறையைக் கடித்துக் கிழிக்க வேண்டிய முன்பற்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1812-இல் ரஷ்யாவுக்குப் புறப்பட்ட பெரும்படையில் ஆறு லட்சம் பேர் அளவுக்கு இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிரெஞ்சுக்காரர்களே அல்லர்.

எதிரிகளும் பாடம் படித்தார்கள். 1806-இல் யேனா போரில் நெப்போலியனிடம் நொறுங்கிய பிரஷ்யா, மறு ஆண்டே பண்ணையடிமை முறையை நீக்க ஆணையிட்டது. தன் மண்ணில் உரிமையில்லாதவன் அந்த மண்ணுக்காக ஏன் சாக வேண்டும் என்ற கேள்வியை அங்கிருந்த சீர்திருத்தவாதிகள் புரிந்துகொண்டிருந்தார்கள். 1813 மார்ச்சில் மக்கள் படையைத் திரட்டினார்கள். அக்டோபரில் லைப்சிக்கில் இரு தரப்பிலுமாக ஐந்து லட்சம் பேர் மோதினர். 1814 செப்டம்பரில் பொதுக் கட்டாயப் படைச்சேவை சட்டமானது. 1815 மே மாதம், நாடுகடத்தப்பட்டிருந்த நெப்போலியன் எல்பா தீவிலிருந்து திரும்பியதால் பிரஷ்யாவுக்கு மீண்டும் ஆள் தேவைப்பட்ட நேரத்தில், மக்கள் பிரதிநிதிகளின் சபையை அமைப்பதாகப் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் வாக்களித்தார். அடுத்த மாதமே வாட்டர்லூவில் வெற்றி கிடைத்தது. அதன்பின் அவர் இருபத்தைந்து ஆண்டுகள் ஆண்டார். கட்டாயச் சேவைச் சட்டத்தைக் கைவிடவில்லை, வாக்களித்த சபையைக் கூட்டவும் இல்லை. பிரஷ்யர்களுக்கு அரசியல் சட்டம் கிடைக்க 1848-இல் இன்னொரு புரட்சி வேண்டியிருந்தது.